ஒரே எண்ணில் இரண்டு பொத்தான்கள்

“இந்த நோட்டுல என் பேரை எழுதணும்னா, அதுக்கு இன்னும் ஒருத்தன் பொறந்து வரணும்.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்த கம்பெனியில், ஆயுத பூஜை அன்று பகல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், இடது கையில் பொரிகடலையும் வலது கையில் பாதி ஆப்பிளுமாக நின்று திருவேங்கடம் இதை அறிவித்தார். கேட்டவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருவர் முதலாளி. முதலாளி சிரித்தார், அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். சர்வீஸ் மேசை ரேணுகா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டு அவள் பொறுப்பில் இருந்தது.

அது சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. அந்தக் கம்பெனி தண்ணீர் மோட்டார்களுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்து விற்கிறது. கூடவே மோட்டாரைத் தொட்டு ஓட்டுவதற்கான திரையையும் செய்து தருகிறது. எங்கே என்ன கோளாறு வந்தாலும் நோட்டில் ஏற்ற வேண்டும். தேதி, இடம், என்ன கோளாறு, கடைசிக் கட்டத்தில் ‘யாரால்’. இந்தக் கடைசிக் கட்டம் முதலாளியின் சொந்தக் கண்டுபிடிப்பு. யாரால் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவர் கொள்கை. மீதிப் பாதியைப் பற்றி அவருக்குக் கொள்கை எதுவும் இல்லை.

இருபத்தொரு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் எலி பலமுறை ஏறியிருக்கிறது. பல்லி நான்கு முறை. இடி, ஈரம், எறும்பு, வாடிக்கையாளரின் மைத்துனர் என்று வரிசையாக வந்துபோயிருக்கிறார்கள். வாடிக்கையாளர் வீட்டு ஆட்களைப் பேர் சொல்லி எழுதும் வழக்கம் இல்லை. ‘ஆபரேட்டர்’ என்று எழுதினால் போதும். ஒருமுறை, வேறு யாரும் அகப்படாமல், ‘நேரம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. கம்பெனியில் வேலை பார்த்த மற்ற இன்ஜினியர்கள் ஏழு பேரும் தலா ஒருமுறையாவது அங்கே தலைகாட்டியிருக்கிறார்கள். இல்லாத பேர் ஒன்றே ஒன்று.

அந்தப் பேருக்கு உரியவர் சேக்காட்டுக்காரர். நாற்பத்தேழு வயது. குடும்பம் நெல் போட்ட நிலம் இப்போது நாற்பது மனைகளாகிவிட்டது. அதில் தன் பங்குக்கு வந்த மனையில் கீழே இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டு, மேலே குடியிருந்தார். ஆவடியில் டிப்ளமா படித்தார். படித்ததில் எதுவும் வேலைக்கு உதவவில்லை என்பதை அவர் பெருமையாகவே சொல்லுவார். உதவியது பரம்பரைதானாம். “எங்க ஆளுங்க ஒரு எடத்துல நாத்து வுட்டு, புடுங்கியாந்து இன்னொரு எடத்துல நட்டாங்க. நானும் அதாம்மா பண்றேன். ஒரு பட்டன் செய்வேன். புடுங்கி நடுவேன்.”

இந்த நடவைப் பற்றிக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் எங்கே விழுந்தார் என்பது தெரியாமல் போகும்.

திரையில் தெரியும் ஒவ்வொரு பொத்தானுக்கும் முகம் ஒன்று, எண் ஒன்று. முகத்தில் ‘ஏ பிளாக் மோட்டார்’ என்று எழுதியிருக்கும். அது மனிதர்கள் படிக்க. எண் உள்ளே மறைந்திருக்கும். அது கம்ப்யூட்டர் படிக்க. கம்ப்யூட்டர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. எண் 101 என்றால் ஏ மோட்டார் ஓடும், அவ்வளவுதான். முகத்தில் நீங்கள் முதலமைச்சர் என்று எழுதி வைத்தாலும் அதே மோட்டார்தான் ஓடும்.

ஒரு பொத்தானைக் காப்பி எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டும்போது, திரை செய்யும் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். புது எண் தரட்டுமா, பழைய எண்ணையே வைக்கட்டுமா? புது எண் என்றால் ஆபத்தில்லை. ஆனால் பொத்தானோடு கட்டியிருந்த நிறம், சத்தம், எச்சரிக்கை எல்லாம் அறுந்துவிடும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும், முக்கால் மணி நேர வேலை. பழைய எண் என்றால் எல்லாம் வேரோடு வந்துவிடும். அப்புறம் எண்ணை மட்டும் கையால் மாற்றினால் போதும். மற்ற இன்ஜினியர்கள் புது எண்ணுக்குப் போனார்கள். திருவேங்கடம் பழைய எண்ணுக்குப் போனார். ஒட்டுவார், முகத்தை மாற்றுவார், எண்ணை மாற்றுவார். முக்கால் மணி நேரத்தை இரண்டு நிமிஷமாகச் சுருக்கியவர் என்று எஸ்டேட்டின் மூன்றாவது தெரு வரை அவருக்குப் பேர் இருந்தது. எண்ணை மாற்ற மறந்தால் என்ன ஆகும் என்று ரேணுகா ஒருமுறை கேட்டாள். “மறந்தா பாத்துக்கலாம்மா,” என்றார், மறதி என்பது பிறருக்கு வரும் நோய் என்ற தொனியில்.

ஆயுத பூஜை அன்று காலை அவர் காட்டுப்பாக்கத்து அடுக்குமாடிக்கான திரையைச் செய்துகொண்டிருந்தார். மூன்று பிளாக்; மூன்று மோட்டார். ஏ முடிந்தது, 101. அதைப் பிடுங்கி பி நட்டார், 102. அதைப் பிடுங்கி சி நட்டார். முகத்தில் ‘சி பிளாக் மோட்டார்’ என்று எழுதினார். எண்ணைத் திறக்கப் போன நேரத்தில், தேங்காயும் கற்பூரத் தட்டுமாக முதலாளி வந்து நின்றார்.

“திருவேங்கடம், எல்லா மிஷினையும் ஆஃப் பண்ணியாச்சு. உன்னுது ஒண்ணுதான் பாக்கி. நல்ல நேரம் போவுது.”

அந்த அலுவலகத்தில் ஆயுத பூஜைக்குக் கட்டுப்பாடு அதிகம். சந்தனம் பூசிய பிறகு கருவியைத் தொடக்கூடாது. திருப்புளியிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாம் ஓய்வு எடுக்க வேண்டும். திருவேங்கடம் சேமித்தார், அணைத்தார். திரையின் ஓரத்தில் முதலாளி குங்குமம் வைத்தார். அதற்கடுத்து அரைமணி நேரம் கழித்துத்தான் பொரிகடலையும் ஆப்பிளும் கையிலிருக்க மேற்சொன்ன அறிவிப்பு வெளியானது. ஆக, தவறு முதலில் பிறந்தது. பெருமை அதற்குப் பின் பிறந்தது. ஒரே அறை, ஒரே நாள்.

மறுநாள் விஜயதசமி, அதற்கடுத்து சனி, ஞாயிறு. திங்கட்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்தபோது மூன்று பொத்தான்கள் லட்சணமாக வரிசையில் நின்றன. மூன்றாவதின் முகத்தில் சி என்று இருந்தது. முகம் இருந்தால் எண்ணும் இருக்கும் என்று மனம் சொல்லியது. மனிதர்களிடமும் அவர் அப்படித்தான் பழகினார்.

அனுப்புவதற்கு முன் ரேணுகா கேட்டாள். “சார், மூணையும் ஒருவாட்டி அமுக்கிப் பாத்துடலாமா?”

“ஏயும் பியும் பாத்தியா?”

“பாத்தேன்.”

“சி எதுல இருந்து எடுத்தது? பியில இருந்து. ஜெராக்ஸ் எடுத்த காயிதத்தை எவனாச்சும் திரும்பப் படிச்சுப் பாப்பானா?”

ரேணுகா ஒரு நிமிஷம் யோசித்தாள். படிக்க மாட்டார்கள்தான். சரி என்று குறி போட்டுவிட்டாள்.

காட்டுப்பாக்கத்தில் தீபாவளிக்கு முன்பே திரை மாட்டப்பட்டது. சி பிளாக் மட்டும் பூட்டியிருந்தது. வீடுகளுக்குச் சாவி கொடுத்தது பங்குனியில். கட்டியவரின் ஆள், பம்ப் அறையில் கையால் சுவிட்சைப் போட்டு சி தொட்டியை ஒருமுறை நிரப்பிவிட்டுப் போனான். அந்தத் தண்ணீர் ஒரு திங்கட்கிழமை வரை வந்தது. செவ்வாய் காலையில், அந்தப் பொத்தான் பிறந்து அரை வருஷம் கழித்து, முதன்முறையாக ஒரு விரல் அதன்மேல் பட்டது.

பி பிளாக் மோட்டார் ஓடியது.

பி தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. தானாக நிறுத்தும் மிதவை அடுத்த கட்டத்தில் மாட்டுவதாக இருந்தது. அடுத்த கட்டம் அடுத்த கட்டமாகவே இருந்தது. மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த மூன்று புடவை வடாம் மிதந்தது. சி பிளாக்கில் முப்பத்திரண்டு குடும்பங்கள் குழாயைத் திறந்து காற்றைக் கேட்டன. பம்ப் அறையில் கையால் சுவிட்சைப் போட்டு அன்றைக்குச் சமாளித்தார்கள். வியாழக்கிழமை மறுபடி அதே கதை. இந்தமுறை தண்ணீர் லிஃப்ட் வரை இறங்கியது.

சனிக்கிழமை காலை அந்த அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் அரவிந்தன் போன் செய்தார். ஈரோட்டுக்காரர், சாஃப்ட்வேரில் பெரிய வேலை. அங்கே தொண்ணூற்றாறு வீடுகள். எண்பது வீடுகளில் சாஃப்ட்வேர்தான்.

“சார், உங்க மெஷின் தானா எழுதி வைக்கிற லாக் பக்காவா இருக்குங்க. செவ்வா காலைல அஞ்சு நாப்பது, 102 ஆன். வியாழன் அஞ்சு முப்பத்தஞ்சு, 102 ஆன். மோட்டார் போடற அந்தம்மா சி அமுக்குனேன், சி அமுக்குனேன்னே சாதிக்கிறாங்க. லாக்குல சியே இல்லீங்க. நாங்க இத்தனை பேர் ஐ.டி.ல இருக்கோம், லாக் படிக்கத் தெரியாதுங்களா?”

“லாக் பொய் சொல்லாதுங்க,” என்றார் திருவேங்கடம்.

“அதைத்தான் சொல்றேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு மீட்டிங். மெஷின்ல கோளாறு இல்லைன்னு நீங்க ஒரு லெட்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா, அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்திரலாம். சும்மா நிறுத்துனா அநியாயமுங்க. ஆதாரத்தோட நிறுத்தணும்.”

“அந்தம்மா பேரு?” என்று பக்கத்திலிருந்து ரேணுகா கேட்டாள், நோட்டைத் திறந்தபடி.

“சுலோசனா,” என்றது போன்.

திருவேங்கடம் பைக்கை எடுத்துக்கொண்டு வானகரம், வேலப்பன்சாவடி, குமணன்சாவடி என்று போய்ச் சேர்ந்தபோது வெயில் மெட்ரோ தூண்களின் நிழலைக்கூடச் சுருட்டிவைத்திருந்தது. அரவிந்தன் அவரைப் பம்ப் அறைக்கு அழைத்துப் போனார். வாசலில் நீலக் கோட்டும் கையில் பக்கெட்டுமாக ஒரு பெண் நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்த வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஆட்களுக்கெல்லாம் அவள்தான் மேஸ்திரி. கூடவே மோட்டார் போடுவதும் அவள் வேலை. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து.

“இத்த செஞ்சது நீங்களா சார்? சோக்கா கீது,” என்றாள் சுலோசனா. “ஆனா ஒண்ணு. சி அமுக்குனா பியும் சேந்து பச்சையாவுது.”

“ரெண்டு வெரல் பட்டிருக்கும்மா.”

“ஒரு கையில பக்கெட்டு, ஒரு கையில சாவி. இத்தோ இந்த ஒரு வெரல்தான் மிச்சம். ரெண்டாவது வெரலுக்கு நான் எங்க சார் போவேன்.”

அரவிந்தன் சிரித்தார். திருவேங்கடமும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். சேர்ந்து பச்சை. இரண்டு பொத்தான், ஒரே சமயத்தில் பச்சை. அப்படி ஆவதற்கு உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அந்த வழியை அவரைவிட நன்றாக அறிந்தவர் மூன்றாவது தெரு வரை யாரும் இல்லை.

அவர் ஒரு விரலை சியின்மேல் வைத்தார். சி பச்சையானது. பி பச்சையானது. பி பக்கத்துக் குழாய் அதிர்ந்தது. உடனே நிறுத்தினார்.

திரை ஓரத்துக் குங்குமம் கண்முன் வந்தது. “நல்ல நேரம் போவுது” என்ற முதலாளியின் குரல் வந்தது. லாக்கில் 102 என்று ஏன் இருந்தது என்பதும் தெரிந்துபோனது. லாக்கும் முகத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் எழுதும். இந்தப் பெண் சியை அமுக்கியிருக்கிறாள். அவருடைய திரை அதை பி என்று எழுதி வைத்து, அவள் பொய் சொல்கிறாள் என்று எண்பது பேருக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடியது இரண்டு வார்த்தை. என் தப்பு. திருவேங்கடம் வாயைத் திறந்தார்.

“கொஞ்சம் அப்டேட் பண்ணிக்கிறேன்,” என்று வந்தது.

லேப்டாப்பை இணைத்தார். சி பொத்தானைத் திறந்தார். உள்ளே 102 எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. 103 ஆக்கினார். நான்கு நிமிஷம். மூன்று நிமிஷம் லேப்டாப் எழுந்து வருவதற்கே போனது.

“இப்ப அமுக்கும்மா.”

சுலோசனா அந்த ஒரு விரலால் அமுக்கினாள். சி மட்டும் பச்சையானது. எதிர்ப் பக்கத்தில் சி மோட்டார் உறுமியது.

“அட, இப்ப ஒண்ணுதான் ஆவுது.”

“என்னங்க சார் பண்ணுனீங்க?” என்றார் அரவிந்தன்.

“ஒண்ணுமில்ல. எப்பவும் பண்றதுதான். அப்டேட்டு.”

“அப்ப மெஷின்ல கோளாறு?”

திருவேங்கடம் லேப்டாப்பின் ஒயரைக் கழற்றிச் சுருட்டினார்.

“இப்ப எதுவும் இல்ல,” என்றார் திருவேங்கடம்.

அது உண்மை. அரவிந்தன் தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதமும் உண்மை: ‘மேற்படி இயந்திரத்தைப் பரிசோதித்ததில் கோளாறு எதுவும் இல்லை.’ கையெழுத்துக்குக் கீழே சனிக்கிழமைத் தேதியை மிகக் கவனமாகப் போட்டார். வியாழக்கிழமையைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இவ்வளவு சுத்தமான உண்மையை அவர் வாழ்நாளில் எழுதியதில்லை. எழுதி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பைக்கை எடுக்கப் போனவரை சுலோசனா மடக்கினாள். கையில் காகிதக் குவளையில் டீ.

“வெயில்ல வந்தீங்க, ஒண்ணும் சாப்புடாம போறீங்களே சார்.” அவள் குரல் இறங்கியிருந்தது. “நானே ரெண்டையும் அமுக்கிட்டனோ இன்னாவோ. கண்ணு வேற முன்ன மாரி இல்ல. உங்க மிஷினப் போயி கொற சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் இல்லம்மா,” என்றார்.

“நாளைக்கு மீட்டிங்ல இன்னா சொல்லுவாங்களோ. சாவியக் குடுத்துட்டுப் போவச் சொன்னா குடுத்துடுவேன் சார். ஆனா பொய் சொன்னேன்னு சொல்லிடக்கூடாது. இங்க கூட்டுற பொண்ணுங்களுக்குலாம் நான்தான் புத்தி சொல்றவ.”

திருவேங்கடம் டீயைக் குடித்தார். கொதித்தது. ஊதாமல் ஒரே மடக்கில் முழுவதையும் குடித்தார். அதைவிடச் சீக்கிரம் அந்த இடத்தை விட்டுப் போக வேறு வழி தெரியவில்லை. வானகரம் சிக்னல் வரை நாக்கு எரிந்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும், பக்கத்து சிக்னலும் பச்சையாகிறதா என்று திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனில் கையை வைத்து, “அண்ணாத்தே, பொண்ணு பாக்க வந்தியா? போ நைனா,” என்றார்.

அலுவலகத்தில் ரேணுகா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே எழுதிவிட்டாள். தேதி. காட்டுப்பாக்கம். ‘சிக்கு பதில் பி மோட்டார் ஓடியது.’ கடைசிக் கட்டத்தில்: ‘சுலோசனா.’

“ஆபரேட்டர்னுதான எழுதுவோம்?” என்றார் திருவேங்கடம்.

“முதலாளிதான், பேரோட எழுதுன்னு சொல்லிட்டாரு. நாளைக்குப் பிரச்சனைன்னு வந்தா காட்டலாமாம்.” ரேணுகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “இன்னா சார், மூஞ்சி இப்படிக் கீது?”

“வெயிலு.”

“சியை நான் அமுக்கிப் பாக்கல சார், அன்னிக்கு. அதான் கொஞ்சம் திக்குனு இருந்துச்சு. நீங்க பாத்துட்டீங்கல்ல, ஒண்ணும் இல்லல்ல?”

எலியும் பல்லியும் இடியும் ஏறிய கட்டத்தில் இப்போது ஒரு பெண்ணின் பேர் உட்கார்ந்திருந்தது. ரேணுகாவின் கையெழுத்து அழகானது. அதனால் இன்னும் மோசமாக இருந்தது. திருவேங்கடம் தன் இடத்துக்குப் போய்ப் பழைய ஃபைலைத் திறந்தார். சி பொத்தான், எண் 102. கடைசியாகச் சேமித்தது: ஆயுத பூஜை, பதினொன்று பதினெட்டு. குங்குமம் திரையின் ஓரத்தில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். வரவில்லை.

“ரேணுகா, அந்த நோட்டை எடுத்துனு போறேன். திங்கக்கெழமை குடுத்துடறேன்.”

“இருவத்தோரு வருஷமா அதைத் தொடாத ஆளு நீங்க.”

“திரும்பத் திரும்ப வர்ற கோளாறு எத்தினின்னு பாக்கணும்.”

இதுவும் உண்மைதான். அன்று அவருக்கு உண்மையாகவே வந்துகொண்டிருந்தது.

சேக்காட்டில் சாயங்காலம், மாடியில் துணி எடுக்கப் போன மனைவி ரேகாவின் பின்னாலேயே போய் நின்றார். அவர் மாடிக்கு வருவது பட்டம் விடும் வயதோடு நின்றுபோன பழக்கம். ரேகா ஒன்றும் கேட்காமல் கிளிப்புகளைக் கழற்றினாள்.

“எங்க கம்பெனில ஒருத்தன் கீறான்,” என்று தொடங்கினார்.

“யாரு?”

“உனக்குத் தெரியாது. ஒரு பட்டனை ஒட்டிட்டு நம்பரை மாத்தாம வுட்டுட்டான். அதனால நாளைக்கு மீட்டிங்ல ஒரு அம்மாவுக்கு வேலை போவப்போவுது. அவ தப்பா அமுக்கிட்டான்னு சொல்றாங்க.”

“இவன் போயி சொல்லலாமில்ல?”

“போனான். சரி பண்ணான். வந்துட்டான்.”

“சொன்னானான்னு கேட்டேன்.”

“சொல்லல.”

“அந்தம்மா இன்னா சொல்லுச்சு?”

“மன்னிப்புக் கேட்டுச்சு. அவன்கிட்ட. டீ வாங்கியாந்து குடுத்துச்சு.”

ரேகா ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“குடிச்சானா?”

“குடிச்சான்.”

“குடிச்சானா,” என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டு, துணி மூட்டையோடு கீழே இறங்கிப் போனாள். அவர் மாடியில் தனியாக நின்றார். வாடகைக்காரர்களின் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வழக்கமாகக் கீழே ஒரு சத்தம் போடுவார். இன்று தானே போய் மோட்டாரை நிறுத்தினார்.

ஞாயிறு காலை இட்லி வைக்கும்போது ரேகா கேட்டாள். “அந்த ஆளு மீட்டிங்குக்குப் போறானா?”

“எந்த ஆளு?”

“எனக்குத் தெரியாத ஆளு.” வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள். அவர் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மீட்டிங் பி பிளாக்கின் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் லாக், 102 வரும் இடங்களில் மட்டும் சிவப்பு வட்டம். நாற்பது பேர் அதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டரில் வெட்டியும் ஒட்டியும்தான் மாதச் சம்பளத்தை எட்டுகிறவர்கள். ஒருவருக்கும் அந்த எண்மேல் சந்தேகம் வரவில்லை. வடாம் போட்ட அம்மாள் முதல் வரிசையில் இருந்தார். தூணை ஒட்டி சுலோசனா நின்றாள். நீலக் கோட்டைக் கழற்றி நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள். அதன்மேல் சாவிக்கொத்து. கேட்டால் கொடுப்பதற்குத் தயாராக.

திருவேங்கடம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார், மடியில் சிவப்பு நோட்டோடு. சுலோசனா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். தனக்காகத்தான் வந்திருக்கிறார் போல என்று நினைத்த மாதிரி ஒரு சின்ன நிம்மதி அவள் முகத்தில். அதைப் பார்த்தபின் அவரால் எந்தப் பக்கமும் பார்க்க முடியவில்லை.

“கம்பெனிக்காரரே நேர்ல வந்து டெஸ்ட் பண்ணி லெட்டர் குடுத்திருக்காருங்க,” என்று அரவிந்தன் தொடங்கினார். “படிக்கிறேன். மேற்படி இயந்திரத்தைப் பரிசோதித்ததில்…”

திருவேங்கடம் எழுந்தார். சட்டைப் பையைத் தடவினார், பேனா இல்லை. வெள்ளைச் சட்டை மாட்டிய அவசரத்தில் நேற்றைய சட்டையிலேயே நின்றுவிட்டது. காவலாளியின் மேசையில், வருகிறவர்கள் பேர் எழுதும் நோட்டோடு ஒரு பேனா நூலால் கட்டியிருந்தது. அங்கே போனார். நூல் குட்டை, நிமிர்ந்து எழுத முடியாது. கிட்டத்தட்ட மேசைமேல் கவிழ்ந்துகொண்டு நோட்டைத் திறந்தார்.

“சார், எதாவது சொல்லணுங்களா?” என்றார் அரவிந்தன், கடிதத்திலிருந்து தலையைத் தூக்கி.

“ஒரு நிமிஷம்.”

நாற்பது பேரும் ஒரு மனிதரின் வளைந்த முதுகைப் பார்த்தார்கள். ‘என்ன கோளாறு’ என்ற கட்டத்தில் ரேணுகா எழுதியதற்குக் கீழே அவர் எழுதினார்: ‘சி பொத்தானுக்கு பியின் எண்ணே இருந்தது. சியை அமுக்கினாலும் லாக் பி என்றே எழுதும்.’ பிறகு கடைசிக் கட்டம். சுலோசனா என்ற பேரின்மேல் ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக வரவில்லை.

தூணருகிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். “இன்னா சார் எழுதுறீங்க?”

“பேரு மாறி இருந்துச்சும்மா.”

எழுதி முடித்து, நோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய் அரவிந்தனிடம் கொடுத்தார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அரவிந்தன் ஒருமுறை படித்தார். சுவரைப் பார்த்தார், சிவப்பு வட்டங்களை. மறுபடி படித்தார். அவர் காது மடல் சிவந்தது.

“சுலோசனாங்கறதை அடிச்சு, திருவேங்கடம்னு போட்டிருக்குங்க,” என்றார், மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து. “திருவேங்கடம்ங்கறது யாருங்க?”

“நான்தான்,” என்றார் திருவேங்கடம், மைக்கில் விழாத குரலில்.